ஆர்டிஸ் ஹாகென் ஒருமுறை அன்பாக எழுதினாள்

எல்ம்டால் ஊரில் ஒருவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை அச்சில் வரவேண்டும் என்றால் அவர் முதலில் செத்தாக வேண்டும். வேறு வழி கிடையாது. உயிரோடு இருப்பவரைப் புகழ்ந்தால் அவருக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்பது வடக்கு அயோவாக்காரர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. கட்டிய மனைவியின் சமையலைக்கூட 'மோசமில்லை' என்று சொல்லிவிட்டுத்தான் இரண்டாம் முறை தட்டை நீட்டுவார்கள்.

இந்த நெறி ஊர் வாரப் பத்திரிகையில் பிசகாமல் பார்த்துக்கொண்டவள் ஆர்டிஸ் ஹாகென். வியாழன்தோறும் வரும் அந்தப் பத்திரிகையில் அவள் எழுதியவை இரண்டே இரண்டு. ஒன்று, வாராவாரம் இரங்கல் குறிப்பு. மற்றது, ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபரில், பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து முன்னோட்டம். செத்தவர்களுக்குத் தேனும் பாலும். கூடைப்பந்துப் பெண்களுக்கு உப்பும் மிளகாயும்.

அவளாக விரும்பி வந்த வேலை இல்லை. 1984-இல் விளம்பரங்களுக்கு அச்சுக்கோக்கத்தான் சேர்ந்தாள். அப்போது இரங்கலையும் விளையாட்டையும் எழுதிக்கொண்டிருந்தவர் ஆர்வில் என்ற மனிதர். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து எறிவார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காப்பிக் கோப்பையோடு மேசையிலேயே கவிழ்ந்துவிட்டார். வியாழன் இதழுக்கு அவருடைய இரங்கலை யாராவது எழுதவேண்டும். தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஆர்டிஸ். "கைகள் எப்போதும் ஓயாத மனிதர்" என்று எழுதினாள். ஆர்வில் எறிந்த ஸ்டேப்ளர் பட்ட வீக்கம் அவள் நெற்றியில் அப்போதும் வற்றவில்லை. ஆர்வில்லின் மனைவி அதைப் படித்துவிட்டு, "இப்படி ஒரு ஆளோட நான் வாழ்ந்தேன்னு எனக்கே தெரியாம போச்சே" என்று தேம்பித் தேம்பி அழுதாள். அன்றிலிருந்து ஆர்வில்லின் இரண்டு வேலைகளும் ஆர்டிஸின் தலையில் விழுந்தன.

முன்னோட்டம் என்ன என்றால், எங்கள் பக்கத்துச் சின்னக் கல்லூரிகள் எட்டும் சேர்ந்து காண்பரன்ஸ் என்று ஒரு போட்டிக் குழு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பனியில் பஸ் ஓட்டிப்போய் ஒருவரை ஒருவர் தோற்கடித்துக்கொள்வார்கள். சீசன் தொடங்குவதற்கு முன்பே யார் எந்த இடத்தில் முடிப்பார்கள் என்று ஆர்டிஸ் ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசைப்படுத்தி எழுதிவிடுவாள். எட்டு கோச்சுகளும் தங்களுக்குள் வாக்களித்து ஒரு வரிசை வெளியிடுவதுண்டு. அதை யாரும் சீந்தமாட்டார்கள். ஆர்டிஸ் சொன்னால் சொன்னதுதான்.

"வைட்லாக் கல்லூரியின் நடு ஆட்டக்காரி ஆறடி இரண்டங்குலம். அதில் ஓர் அங்குலம்கூடத் தரையை விட்டு எழும்பியதில்லை." இப்படி எழுதுவாள். "ஆஷ்பி அணி வேகமாக ஓடுகிறது. எங்கே என்று யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்." ஊரே முடிதிருத்தும் கடையில் உரக்கப் படித்துச் சிரிக்கும். ஆர்டிஸின் கணவன் லைல் விதை விற்பவன், பேச்சைச் சிக்கனமாகச் செலவழிப்பவன். அவன் மட்டும் படித்து முடித்துவிட்டு, "மோசமில்லை" என்பான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோச்சுகள் யாரும் முதலிடம் கேட்டு ஆர்டிஸிடம் வரமாட்டார்கள். எல்லோருக்கும் வேண்டியது எட்டாவது இடம். கடைசி இடம் என்று அச்சில் வந்துவிட்டால் போதும், அதை வெட்டி உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டுவார்கள். பெண்கள் அதைப் பார்த்துப் பார்த்துக் கொதித்து, பிப்ரவரிவரை கடித்துக் குதறி ஆடுவார்கள். அதனால் அக்டோபர் பிறந்துவிட்டால் ஆர்டிஸின் தொலைபேசியில் ஒப்பாரிதான்.

வைட்லாக்கின் கோச் மெர்ல் ஸ்டாக் இதில் மகா கில்லாடி. மூன்று வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கியவன். "ஆர்டிஸ், இந்த வருஷம் எங்க பொண்ணுங்களுக்கு ஷூ கயிறு கட்டவே வர மாட்டேங்குது. மனசாட்சியோட எட்டுல போடு" என்பான். ஒருமுறை அந்த ஆறடி இரண்டங்குலப் பெண்ணின் இடது காலில் பெரிய கட்டுப் போட்டு, பத்திரிகை அலுவலகத்துக்கே நொண்டவைத்து அழைத்து வந்தான். மறுவாரம் எடுத்த அணிப் புகைப்படத்தில் கட்டு வலது காலில் இருந்தது.

"மெர்ல், உன்ன முதல்ல போட்டாச்சு. மூக்கைச் சிந்திட்டுப் போனை வை" என்பதுதான் ஆர்டிஸின் வழக்கமான பதில்.

எத்தனை பேர் அழுதாலும் எட்டாவது இடம் வெளியூருக்குப் போனதில்லை. பதினொரு வருடமாக அது எல்ம்டால் கல்லூரிக்கே. ஆர்டிஸ் அக்டோபரில் எழுதுவாள், அவர்கள் பிப்ரவரியில் அப்படியே முடிப்பார்கள். சொந்த ஊர் என்று பாசம் காட்டாதவள் என்று அவளுக்குப் பெயர். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

பன்னிரண்டாவது அக்டோபரில் எல்ம்டால் கோச் டானிகா ராட்கே அலுவலகத்துக்கு வந்தாள். நெப்ராஸ்காப் பக்கத்துப் பெண், முப்பது வயதாகவில்லை, வந்து இரண்டாவது வருடம். ஆர்டிஸ் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "கவலைப்படாதே. எட்டு உனக்குத்தான்."

"அதைத்தான் வேணாம்னு சொல்ல வந்தேன்."

ஆர்டிஸ் கண்ணாடியைக் கழற்றினாள். முப்பத்துநாலு வருடத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"மத்த டீம் பொண்ணுங்க கடைசின்னு படிச்சா கோவப்படுவாங்க" என்றாள் டானிகா. "எங்க பொண்ணுங்க கோவப்பட மாட்டாங்க ஆர்டிஸ். நம்பிடுவாங்க. நீங்க தப்பா எழுதினதே கெடையாதே. அக்டோபர்ல படிச்சிட்டு, சரி, அப்ப இதான்னு தோள தொங்கப் போட்டுடறாங்க. நான் நவம்பர்ல என்ன கத்தினாலும் காதுல ஏறல."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்? பொய் எழுதணுமா?"

"எனக்கு மொத்தமே எட்டுப் பேர். டெலேனி ப்ரூகர் இருக்கா பாருங்க, அவளும் அவ அறைத்தோழியும் இந்தத் தடவையும் கடைசின்னு வந்தா வெலகிடறதா சொல்லிட்டாங்க. ஏழு பேருக்குக் கொறஞ்சா சீசனே கெடையாதுன்னு விளையாட்டுத் துறைத் தலைவர் கண்டிப்பா சொல்லிட்டார். ரெண்டு பேர் போனா ஆறு. அத்தோட முடிஞ்சது."

"ஒரு பத்திரிகைத் துண்டுக்கு விட்டுட்டுப் போறவ ஆடி என்ன கிழிக்கப்போறா?"

டானிகா எழுந்தாள். "மூணு வருஷமா ஒவ்வொரு மேட்ச்சும் முழுசா ஆடினவ ஆர்டிஸ். ஒரு ஆட்டம் உக்காரல." கதவைச் சாத்தாமல் போய்விட்டாள்.

ஆர்டிஸ் அசைபவள் இல்லை. வழக்கம்போல் சமையலறை மேசையில் போன வருட ஆட்டத் தாள்களைப் பரப்பினாள். யார் படிப்பை முடித்துப் போனார்கள், யார் எத்தனை பந்து போட்டார்கள் எல்லாவற்றையும் பார்த்து எழுதினாள். கடைசியில் எல்ம்டாலுக்கு ஒரே வரி: "எட்டாவது, எல்ம்டால். போன வருடம் எழுதியதைத் திரும்பப் படித்துக்கொள்ளவும்." அவளுக்கே சிரிப்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை மளிகைக்கடைக்குப் போனவள் தெரியாமல் டெலேனியின் வரிசையில் நின்றுவிட்டாள். பன்றிப் பண்ணைக்காரர் மகள், குட்டையான பெண், மாலைகளில் அங்கே பொருள் கட்டிக்கொடுக்கும் வேலை. முட்டையைப் பையில் வைத்துக்கொண்டே டெலேனி கேட்டாள்: "மிசஸ் ஹாகென், முன்னோட்டம் எழுதியாச்சா?"

"இன்னும் முடிக்கல."

"முடிச்சா ஒரு வார்த்த சொல்லிடுங்க. சாயந்திரம் காலியாயிடும்ல, இங்க கூடுதல் நேரம் கேக்கணும். கடைசி நேரத்துல கேட்டா தர மாட்டாங்க."

கோபம் இல்லை, குத்தல் இல்லை. மழை வருமா என்று கேட்பது போல்தான் கேட்டாள். ஆர்டிஸ் பணத்தை வைத்துவிட்டு வெளியே வந்தாள். கார் வரைக்கும் நடந்தவள், முட்டையைக் கடையிலேயே விட்டு வந்ததை வீட்டில்தான் கவனித்தாள்.

அன்று மாலை அந்த ஒரு வரியை அடித்து நீக்கினாள். எல்ம்டாலை ஆறாவது இடத்தில் வைத்தாள். சரி, பொய்தான், ஒரு தடவை சொன்னால் பூமி பிளந்துவிடாது. இனி நாலு நல்ல வார்த்தை எழுதவேண்டும். அங்கேதான் சிக்கல். உயிரோடு இருப்பவர்களைப் பாராட்டி எழுதிப் பழக்கமில்லாத கை அது. முப்பத்துநாலு வருடமாக நல்ல வார்த்தை என்றால் அதற்கு ஒரே ஒரு பாதைதான் தெரியும். கை அந்தப் பாதையில் தானாகவே போயிற்று.

"ஆறாவது, எல்ம்டால். பழகிய அனைவராலும் நேசிக்கப்படும் அணி. எத்தனை சோதனை வந்தபோதும் முகம் சுளிக்காதவர்கள். கடும் உழைப்புக்கும் மாறாத புன்னகைக்கும் பெயர்பெற்ற டெலேனி ப்ரூகர், தன்னலம் கருதாது கடைசிவரை போராடும் குணம் படைத்தவர். எல்ம்டால் மக்களின் உள்ளங்களில் இந்த அணிக்கு என்றென்றும் ஓர் இடம் உண்டு."

லைல் அதைப் படித்தான். இன்னொரு முறை படித்தான். "உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றான். அந்த மாதத்தில் அவன் பேசிய மிக நீண்ட வாக்கியம் அது.

புதன்கிழமை பத்திரிகை ஆசிரியர் டுவெய்ன், "என்ன ஆர்டிஸ், அடக்க ஆராதனை எத்தனை மணிக்குன்னு போட மறந்துட்டியே" என்று கிண்டலடித்தான். அச்சகத்து வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது. அப்படியே அனுப்பிவிட்டான்.

வியாழன் மதியம் பத்திரிகை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டானிகா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஆர்டிஸ், உடனே காலேஜ் ஆட்டக்கூடத்துக்கு வாங்க. இங்க சாவுச் சாப்பாடு நடக்குது."

"யார் செத்தது?"

"நாங்கதான்."

ஆர்டிஸ் போய்க் கதவைத் திறந்தபோது முதலில் வந்தது வாசனை. லூத்தரன் சர்ச் பெண்கள் அணிவகுத்து வந்திருந்தார்கள். ஆட்டத்தளத்தின் ஓரத்தில் நீள மேசைகள். வெண்ணெய் தடவிய பன்னுக்குள் பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச் இருநூறு. உருளைக்கிழங்கு உருண்டைகளை மேலே அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் பதினோரு தட்டு. துருவிய கேரட் மிதக்கும் பச்சை ஜெல்லி. இந்த ஊரில் ஒருவரைப் புதைத்துவிட்டு வந்து சாப்பிடும் சாப்பாடு, ஒரு பொருள்கூட மாறாமல். தலைமை தாங்கி நின்றவள் லவோன் டீமன், இருபது வருடமாகச் சர்ச்சின் அடக்கச் சாப்பாட்டுக் குழுவை ஆள்பவள்.

"வா ஆர்டிஸ், தட்டு எடு" என்றாள் லவோன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாவம், சின்ன வயசு."

"யாருக்குச் சின்ன வயசு?"

"டீமுக்குத்தான். நாப்பத்தோரு வருஷமெல்லாம் ஒரு வயசா?"

கேலரியில் எட்டுப் பெண்களும் மடியில் காகிதத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் அழுதுகொண்டே தின்றார்கள், மூன்று பேர் தின்றுகொண்டே அழுதார்கள், டெலேனி மட்டும் அழவில்லை. எதிரே நின்ற விளையாட்டுத் துறைத் தலைவர் மூன்றாவது சாண்ட்விச்சில் இருந்தார். "அணிய மூடறதா கல்லூரித் தலைவர் முடிவெடுத்துட்டாரு போல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு மலர்வளையம் வேறு. அதில் தொங்கிய அட்டையில், 'ஆழ்ந்த அனுதாபங்களுடன், மெர்ல் ஸ்டாக், வைட்லாக்' என்று இருந்தது. மெர்ல் முதல்முறையாக உண்மையாகவே அழுதிருக்கக்கூடும்.

டெலேனியின் காலடியில் அவளுடைய விளையாட்டுப் பை, ஜிப் வெடிக்கும் அளவுக்கு நிரம்பியிருந்தது. பக்கத்தில் அறைத்தோழியின் பை. லாக்கரைக் காலி செய்துவிட்டார்கள்.

"யாரும் சாகல!" என்று கத்தினாள் ஆர்டிஸ். கூடம் பெரியது. அந்தச் சொல் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. "டீமை யாரும் மூடல! எல்லாரும் முதல்ல மெல்லறத நிறுத்துங்க!"

எல்லோரும் நிறுத்தினார்கள், விளையாட்டுத் துறைத் தலைவரைத் தவிர.

"மூடலன்னா அப்புறம் ஏன் அவ்வளவு நல்லதா எழுதின?" என்றாள் லவோன்.

நியாயமான கேள்வி. கூடத்தில் இருந்த அத்தனை முகமும் அதையே கேட்டது. ஆர்டிஸுக்குக் காது மடல் சூடேறியது. இறந்தவர்களைப் பற்றி நூற்றுக்கணக்கான பொய் எழுதியிருக்கிறாள், ஒருவரும் எழுந்து வந்து கேட்டதில்லை.

"பொய் எழுதினேன்" என்றாள். "ஆறுங்கறது பொய். பாவம் பாத்து எழுதிட்டேன். நீங்க எட்டுதான்."

கேலரியில் ஒரு பெருமூச்சு. அதில் பாதி நிம்மதி, அதை ஆர்டிஸே கேட்டாள். செத்துவிட்டோம் என்று நினைத்தவர்களுக்குக் கடைசி இடம் அவ்வளவு மோசமாகப் படவில்லை. அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை, உண்மையான முன்னோட்டத்தை அங்கேயே ஒப்பிக்கத் தொடங்கினாள். உயரமான பெண் பந்தைப் பிடித்தவுடன் சூடான உருளைக்கிழங்கு போல் தூக்கிப் போடுகிறாள். இரட்டைச் சகோதரிகள் களத்திலும் ஒருத்தியோடு ஒருத்தி மட்டும்தான் பேசிக்கொள்கிறார்கள். ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல, லவோன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெண்களே சிரிக்கத் தொடங்கினார்கள். பழைய ஆர்டிஸ் திரும்பி வந்துவிட்டாள், அப்படியென்றால் நாம் உயிரோடுதான் இருக்கிறோம்.

"டெலேனி ப்ரூகர்" என்று முடித்தாள் ஆர்டிஸ். "இடது கைய வீட்டுலயே விட்டுட்டு வந்துடறா."

டெலேனி சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்தாள்.

"அது போன வருஷம்."

"போன வருஷத் தாள்ல அப்படித்தான் இருக்கு."

"இந்த வருஷம் எப்படின்னு பாத்தீங்களா?"

"இன்னும் ஆட்டமே தொடங்கலையே."

"ப்ராக்டிஸ் தொடங்கிடுச்சு. தெனம் மூணு மணிக்கு. கதவு தொறந்தேதான் இருக்கு." டெலேனியின் குரல் உயரவில்லை, ஆனால் கழுத்து சிவந்திருந்தது. "பதினோரு வருஷமா எங்களக் கடைசின்னு எழுதியிருக்கீங்க மிசஸ் ஹாகென். ஒரு ப்ராக்டிஸ், ஒரே ஒரு ப்ராக்டிஸ், வந்து உக்காந்து பாத்திருக்கீங்களா?"

ஆர்டிஸுக்குச் சமையலறை மேசை ஞாபகம் வந்தது, தாள்கள் ஞாபகம் வந்தன, தானே எழுதிவிட்டுத் தானே சிரித்தது ஞாபகம் வந்தது. பத்திரிகை அலுவலகத்திலிருந்து இந்தக் கூடத்துக்கு நடந்தால் ஆறு நிமிடம்.

"இல்ல" என்றாள்.

"அப்ப உக்காருங்க."

"டெலேனி, வயித்துல ஹாட்டிஷை வெச்சுக்கிட்டு ஓட முடியாது" என்றாள் டானிகா.

"ஓடுவோம் கோச்."

ஓடினார்கள். மேசைகளைச் சுவரோரம் தள்ளி, நாலுக்கு நாலு பிரிந்து ஆடினார்கள். சர்ச் பெண்கள் ஏப்ரனோடு கேலரியில் ஏறி உட்கார்ந்தார்கள். பத்தாவது நிமிடம் இரட்டையரில் ஒருத்தி குப்பைத்தொட்டியில் ஜெல்லியைக் கக்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்ப ஓடினாள். டெலேனி இடது கையால் கூடையை நோக்கிப் பந்தைப் போட்டாள், மூன்றில் ஒன்று விழுந்தது. மற்ற இரண்டும் கூடையின் பக்கமே போகவில்லை. ஆர்டிஸ் அதைப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தாள்.

ஆனால் அவள் கண் அங்கே நிற்கும் கண் இல்லை. அவள் பள்ளியில் படித்தபோது அயோவாப் பெண்கள் ஆடிய கூடைப்பந்தே வேறு. அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் பந்து போட, மூன்று பேர் தடுக்க. நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. ஆர்டிஸ் தடுக்கிறவள். நாலு வருடம் ஆடியவள் ஒரு ஆட்டத்தில்கூடக் கூடையை நோக்கிப் பந்தை எறிந்ததில்லை. அதனால் பந்து போடுகிறவளின் கை அவளுக்கு முக்கியமில்லை, தடுக்கிறவளின் கால்தான். அந்தக் கால்களை இப்போது பார்த்தாள்.

போன வருட எல்ம்டாலைத் தாண்டிப்போக எவருக்கும் அனுமதி தேவைப்படவில்லை. இந்த வருடம் அப்படி இல்லை. டெலேனி குரல் கொடுத்தாள், ஒருத்தி நகர்ந்தாள், அவள் விட்ட இடத்துக்கு இன்னொருத்தி வந்து நின்றாள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, வருவாள் என்று தெரிந்திருந்தது. உயரமான பெண் ஓடிவரும் வழியில் டெலேனி போய் அசையாமல் நின்றாள். இருவரும் மோதி விழுந்த சத்தத்தில் லவோன் "அய்யோ கடவுளே" என்றாள். டெலேனி முதுகில் வழுக்கிக்கொண்டே போய் மேசைக்காலில் முட்டி நின்றாள், எழுந்தாள், அடுத்த முறையும் அதே இடத்தில் போய் நின்றாள். இதெல்லாம் எந்தத் தாளிலும் வராது. தடுத்தவளுக்குத் தாளில் கட்டமே கிடையாது. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் ஆர்டிஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெறும் வெட்கம், அதற்கு நகைச்சுவையாக ஒரு வார்த்தையும் அகப்படவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து எல்லோரும் மூச்சிரைக்கத் தரையில் விழுந்து கிடந்தார்கள். டெலேனி மட்டும் கேலரிக்கு முன்னால் வந்து நின்றாள். முழங்கை உரிந்திருந்தது.

"சொல்லுங்க" என்றாள்.

ஆர்டிஸ் அவசரப்படவில்லை. எட்டு அணிகளையும் மனதில் நிறுத்தி மேலிருந்து கீழே வந்தாள். வைட்லாக், சந்தேகமே இல்லை. ஆஷ்பி இவர்களை இருபது புள்ளி வித்தியாசத்தில் அடிக்கும். இன்னொன்று, இன்னொன்று என்று இறங்கி வந்தாள். கடைசியில் ப்ரோமன் கல்லூரி. போன வருடம் அங்கிருந்து நாலு பேர் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள், மிச்சமிருப்பவர்கள் தடுக்கத் திரும்பி ஓடுவதே இல்லை.

"ஏழு" என்றாள்.

தரையில் கிடந்தவர்கள் ஒவ்வொருத்தியாகத் தலையைத் தூக்கினார்கள்.

"பாவம் பாத்துச் சொல்றீங்களா?"

"பாவம் பாத்துத்தான் நேத்து ஆறு போட்டேன். வந்தது என்ன? பச்சை ஜெல்லி. ஏழு. ப்ரோமனுக்கு ஒரு மயிரிழை மேல. மயிரிழைதான், தலைக்கனம் வேண்டாம். உன் இடது கை இன்னும் பாதி தூரம்தான் வந்திருக்கு."

"அச்சுல வருமா?"

"வியாழக்கிழமை வரும். எட்டுன்னு நினைச்சது என் தப்பு, வந்து பாக்காதது அதவிடப் பெரிய தப்புன்னும் வரும்."

"ஏழு" என்று டெலேனி தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அணியே செத்துவிட்டது என்று நினைத்தபோது அழாத அந்தப் பெண், சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவளை எங்கே தொடுவது, தொடலாமா என்று ஆர்டிஸுக்குத் தெரியவில்லை. வெறுமனே நின்றாள். அவள் கண்ணும் நனைந்துதான் இருந்தது. அதை லவோன் பார்த்துவிட்டாள், இனி ஊர் முழுக்கப் போகும்.

அறைத்தோழி இரண்டு பைகளையும் இரண்டு தோளில் மாட்டிக்கொண்டு உடைமாற்றும் அறைக்குள் போனாள். லாக்கர் கதவு இரண்டு முறை அறைந்து மூடும் சத்தம் கேட்டது. டானிகா விரலை நீட்டி நீட்டி எட்டுப் பேரை எண்ணினாள். சந்தேகம் வந்து இன்னொரு முறை எண்ணினாள்.

ஆர்டிஸ் கோட்டை எடுத்து மாட்டத் தொடங்கினாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?" டெலேனி மூக்கை உறிஞ்சினாள். "உக்காருங்க மிசஸ் ஹாகென். இன்னும் முடியல. ஆறாக்கிக் காட்டறேன்."

"கனவு காணாதே" என்றாள் ஆர்டிஸ். ஒரு கை மட்டும் மாட்டிய கோட்டோடு உட்கார்ந்தாள்.